பெரிய வியாழனின் முதல் நாற்காலி

பவுலின் வாயைத் திறந்தால் போதும், அவள் புருஷன் சவரியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அந்தப் புதன்கிழமை அவள் வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"எட்வினுக்கு இன்னா பதிலு?"

எட்வின் அவர்களுடைய கோயில் பங்கிலேயே பிறந்து வளர்ந்தவன். திருப்பூருக்குப் பிழைக்கப் போய் எய்ட்ஸோடு திரும்பினான். சங்கராபுரம் சாலையில் கோயில் நடத்தும் கருணை இல்லத்தில் சாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது பவுலினின் வேலை. அவனைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவள்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. பெரிய வியாழனன்று, இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவாரே, செத்துப்போன அவன் அப்பா உட்கார்ந்த அந்த வரிசையில் தானும் உட்கார வேண்டும். அடுத்த வருஷம் இருக்கமாட்டோம் என்று அவனுக்கே தெரியும்.

கோயில் கமிட்டியில் அந்தப் பன்னிரண்டு ஆளைப் பொறுக்குவது சவரியப்பன். முதல் நாற்காலியும் அவருக்குத்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஒரே பேசின், ஒரே துண்டு. சனங்க பயப்படுது. கடைசி நாற்காலியில குந்தட்டும்னு பேசி முடிச்சிட்டோம்," என்றார்.

கடைசி என்றால் அவன் கால் பட்ட தண்ணீர் வேறு யார் மேலும் படாது. பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலித் கிறிஸ்தவங்களுக்கும் இடஒதுக்கீடு குடுன்னு போன வாரம் கள்ளக்குறிச்சியில கொடி புடிச்சிக்கினு கத்துனியே. வேதத்துல சேந்தும் எங்களுக்குக் கல்லறை தனிதானேன்னு மைக்குல கேட்டியே. இவனுக்கு நீ ஒதுக்குறது இன்னா இடம்யா?"

சவரியப்பன் செருப்பைத் தேடினார். ஊருக்குத்தான் உபதேசம் என்று முணுமுணுத்தபடி அவள் வழிவிட்டாள்.

வியாழன் சாயங்காலம் எட்வினைத் தாங்கிப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிவந்தாள். முதல் நாற்காலியில் சலவை வேட்டியோடு இருந்த சவரியப்பன் எழுந்து வந்து அவனுடைய மறு தோளைப் பிடித்தார்.

"இங்க குந்துடா," என்று தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்.

இரண்டாம் நாற்காலிக்காரர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். சவரியப்பன் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஆனால் எழவில்லை.

சாமியார் எட்வினின் குச்சிக் கால்களைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். பிறகு சவரியப்பன் முன்னால் மண்டியிட்டார். சாமியாருக்கு ஒத்தாசையாக நின்ற உபதேசியார் அவசரமாக வேறொரு துண்டை நீட்டினார்.

"வேணாம் சாமி. அதே துண்டு போதும்," என்றார் சவரியப்பன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

பவுலினுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனுஷனை அவள் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. பக்கத்தில் நின்றவள் யார் என்றுகூடப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்து, "அதோ குந்திக்கினு கீறாரே, அவரு எங்க வூட்டுக்காரரு," என்றாள்.