ஏறும்போதே சொன்ன தேங்க்ஸ்

பஸ் டிரைவரின் மனைவி பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அன்றோடு இருபத்தாறு நாள். முப்பது நாள் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று பேச்சு. இதற்காக ஒன்பது இடம் ஏறி இறங்கியவள். கிடைத்ததும் புதுச் செருப்பு வாங்கி, குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்கும்படி டக்டக்கென்று படியிறங்கினாள். இப்போது அந்தச் சத்தத்துக்கு ஆபத்து வந்திருந்தது.

எல்லாம் நன்றியால் வந்த வினை.

அவள் நன்றி சொல்லி வளர்ந்தவள் இல்லை. வீட்டில் யாராவது டீ கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரை வைப்பார்கள். கணக்கு அதோடு தீர்ந்தது. ஆனால் நோயாளிகளுக்கு அனுப்பும் செய்தி இங்கிலீஷில் இருக்க வேண்டும், மரியாதையாகவும் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மரியாதையான இங்கிலீஷுக்கு அவள் எங்கே போவாள்? குடியிருப்புச் சங்கச் செயலாளர் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்புகள்தான் கைக்கெட்டிய பாடப்புத்தகம். பால்கனியில் துணி காயப்போடாதீர்கள், தேங்க்ஸ் இன் அட்வான்ஸ். படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தாதீர்கள், தேங்க்யூ ஃபார் யுவர் அண்டர்ஸ்டாண்டிங். அதைப் படித்துவிட்டு, “இவர் யாரு நமக்கு உத்தரவு போட” என்று வேண்டுமென்றே போர்வையைப் பால்கனியில் விரித்தவளும் இவள்தான். ஆனாலும் அந்த வரிகளின் மினுமினுப்பு மனசில் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள், தேங்க்ஸ் இன் அட்வான்ஸ். டாக்டர் இன்று இல்லை, நாளை வாருங்கள், தேங்க்யூ ஃபார் யுவர் அண்டர்ஸ்டாண்டிங். ஒன்று போதாது என்று தோன்றினால் இரண்டையும் சேர்த்துப் போட்டாள்.

மூன்று பேர் வராமலே நின்றுவிட்டார்கள். ‘நாளை வாருங்கள்’ செய்தி போன நான்காவது ஆள், ஒரு வக்கீல், திங்கட்கிழமை வீங்கிய கன்னத்தோடு நேரிலேயே வந்து நின்றார்.

“புரிஞ்சுகிட்டதுக்கு நன்றின்னு போட்டிருக்கியேம்மா. நான் எப்ப புரிஞ்சுகிட்டேன்?”

“மரியாதைக்குப் போட்டது சார்.”

“நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே நன்றி சொன்னா, என்னைக் கேக்கவே இல்லைன்னு அர்த்தம். வலி என்னோடது, சம்மதம் மட்டும் உன்னோடதா?” கன்னத்தைப் பிடித்தபடியே வெளியேறினார்.

உள்ளே யாருடைய வாயிலோ கைவைத்திருந்த டாக்டரம்மாவுக்கு அத்தனையும் கேட்டது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் என் நாற்காலியில உக்காந்தாகணும். இல்லேன்னா அன்னைக்கு நாம பேசிக்கலாம்.”

முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. ‘பேசிக்கலாம்’ என்பதற்கு அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

சாயங்காலம் டிரைவர் வெந்நீரில் காலை ஊறப்போட்டு முழுக் கதையையும் கேட்டார்.

“தினம் நானூறு தேங்க்ஸ் வாங்கறவன் நான். என்னைக் கேட்டியா நீ?”

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“எல்லாரும் இறங்கும்போதுதான் சொல்றாங்க. ஏறும்போது எவனாவது சொல்வானா? சொன்னான்னு வை, டிக்கெட் எடுக்காம வர்றான்னு கண்ணாடியில அவனையே பாத்துகிட்டு ஓட்டுவேன்.”

“இதை இருபத்தாறு நாளைக்கு முன்னாடி சொன்னா வாய் வலிக்குமா?”

“பல் டாக்டர் வீட்டு ஆளு நீ. வாய் வலியெல்லாம் உன் டிபார்ட்மெண்டு.”

மறுநாள் வக்கீலுக்குப் புதுச் செய்தி போனது. வலியோடு உங்களை ஒரு நாள் காக்கவைத்தது தவறு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா? அவ்வளவுதான். கடைசியில் ஒரு தேங்க்ஸைத் தூவச் சொல்லி விரல் அரித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து பதில் வந்தது: வருகிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் பத்துக்கே வந்துவிட்டார். ஆனால் உள்ளே இன்னொருவரின் கடைவாய்ப்பல் வேர் வருவேனா என்று அடம்பிடித்தது. ‘தேங்க்யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்’ அவள் நாக்கு நுனிவரை வந்து எட்டிப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“இன்னும் அரை மணி ஆகும் சார். இருக்க முடியுமா?”

சாட்சியைப் பார்ப்பதுபோல் அவளை மேலும் கீழும் பார்த்தார். “இருக்கேன்.”

பல் போன வாயில் பஞ்சோடும், மரத்துப்போன பாதி உதட்டோடும் அவர் வெளியே வந்தபோது அவள் எழுந்து நின்றாள். “தேங்க்யூ ஃபார் வெயிட்டிங், சார்.”

வக்கீலுக்குப் பேச்சு வராத அபூர்வ நாள் அது. பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். வாசல்வரை போய், திரும்பி, கையையும் உயர்த்திவிட்டுப் போனார்.

டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார். “நாளைக்கும் ஒம்பது மணிதான். லேட் பண்ணாதே.”

அன்று செருப்புச் சத்தம் படியேறியபோது இரண்டாவது மாடியில் இரண்டு கதவு திறந்து மூடின. டிரைவர் சேதியைக் கேட்டுவிட்டு, அதிசயமாக, தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்குத் தாங்கவில்லை.

“தேங்க்ஸ்ங்க.”

அவர் அப்படியே நின்றார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏன், எந்த ஸ்டாப்புல இறங்கப் போற?”

அவள் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.