ஒன்பது நாள் எரிபொருள்

மொட்டைமாடியில் துணிக்கொடியை ஒட்டி அந்த வேற்றுக்கிரகப் போர்விமானம் இறங்கி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அதே வீட்டில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக், சுளுக்கிய கழுத்தோடு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தார். வயர் இல்லை, எண்ணெய் இல்லை. ஒரு கண்ணாடி உருளை. அதன்மேல் செத்துக் கிடந்த ஒரு மீட்டர் முள். அவ்வளவுதான்.

விமானிகள் இருவரும் தண்ணீர்த் தொட்டிமேல் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று முழங்கால்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு," என்றார் ஒருவர், கழுத்தில் தொங்கிய பேசும் பெட்டி வழியாக. "காலையில நாங்க ராசியாயிட்டோம். அதோட நின்னுடுச்சு."

மெக்கானிக்குக்கு விளங்கவில்லை.

அப்போது அவருடைய மனைவி துணி காயப்போட வந்தாள். ஒன்பது நாளாக இருவருக்கும் பேச்சில்லை. கூடவே வந்த அவளுடைய தம்பிதான் தூது.

"மாமா, அக்கா சாப்பிட வரச் சொல்றா."

"பசிக்கலன்னு சொல்லு மச்சான்."

"ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறா. காது கேக்கும்."

உருளையின் முள் துள்ளியது. அவள் படி இறங்கப் போனால் விழுந்தது. திரும்பி வந்தால் எழுந்தது.

இருபது வருஷம் லிஃப்ட் பார்த்தவர் அவர். ஆளேறும் பெட்டிக்கு மறுமுனையில் எதிர்எடை தொங்கினால்தான் லிஃப்ட் ஒழுங்காக ஓடும். இங்கே ஒரு முனையில் அவருடைய வீம்பு, மறுமுனையில் அவளுடையது.

"மச்சான், உங்க அக்காவை ஒரு நிமிஷம் உள்ள உக்காரச் சொல்லு."

அவர் ஒரு பக்கம் ஏறி உட்கார, அவள் மடியில் ஈரத்துணியோடு மறுபக்கம் உட்கார்ந்தாள். விமானம் சத்தமில்லாமல் கிளம்பியது. தம்பி கடுகளவு ஆனான். பிரேக் என்று ஒன்று இல்லை, பேசினால்தான் இறங்கும். முதலில் வாய் திறப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார். எடுக்கும்போது எதிரில் மேகம் வரும் என்று யார் கண்டது?

மேலே குளிரில் துணி விறைத்துப் பலகையானது. அவள் வெளியே பார்த்தபடி இருந்தாள். முகத்தில் பயமே இல்லை. இவள் இப்படியே நிலா வரைக்கும் வருவாள் என்று தோன்றியது. அவரைப் பயமுறுத்தியது அதுதான்.

"அன்னிக்கு நீ என்னவோ சொல்ல வந்தே," என்றார். "நான் பன்னண்டாம் நம்பர் ஸ்பேனர் எங்கேன்னு கேட்டுட்டேன். என்ன சொல்ல வந்தே?"

விமானம் ஒரு மாடி உயரம் இறங்கியது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

"ஆபீஸ்ல என்னை மேனேஜர் ஆக்கிட்டாங்க."

இன்னொரு மாடி. யார் கை தட்டினார்கள், யார் முகம் சுருங்கியது, எந்த நாற்காலி கொடுத்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, மாடி மாடியாக இறங்கி வந்தார்கள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

மொட்டைமாடியைத் தொட்டபோது முள் மறுபடி செத்திருந்தது. ஆனால் தொட்டிமேல் இப்போது யாரும் கைகோத்திருக்கவில்லை. விமானிகள் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா," என்றான் தம்பி. "ரெண்டு பேர்ல யாரு நல்லா ஓட்டுவீங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

விமானிகள் ஏறி, ஆளுக்கொரு பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். விமானம் அம்பாய்ப் பறந்தது.

அவள் விறைத்த சட்டையை உதறினாள்.

"ஸ்பேனர் உங்க தலையணை உறைக்குள்ளதான் இருக்கு," என்றாள். "ஒன்பது நாளா."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.