ஒதுக்கிய இலை

பல் டாக்டரம்மா வீட்டுக் கறிவேப்பிலைச் செடி, சாப்பிட்டவர்கள் தட்டோரம் ஒதுக்கிய இலைகளை மறுநாள் காலைக்குள் திரும்ப எடுத்துக்கொண்டது. கிள்ளிய காம்பிலேயே, கிள்ளிய வரிசையிலேயே ஒட்டவைத்துக்கொண்டது. எண்ணெயில் பொரிந்த இலைக்கு மட்டும் பச்சை திரும்ப இரண்டு நாள் பிடித்தது. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டினாலும் இதே கதைதான். மென்று விழுங்கிய இலை மட்டும் திரும்பவில்லை.

அது டாக்டரம்மாவின் தங்கை தன் அறை ஜன்னலோரம் தொட்டியில் வைத்த செடி. இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது மூன்று மாத உதவிக்கு வந்தவள் பதினோரு வருடம் இருந்தாள். பால்புட்டி, வீட்டுப்பாடம், காய்ச்சல் எல்லாம் அவள் தலையில். அக்கா நிம்மதியாக ஊரார் பல்லைப் பிடுங்கினாள். தங்கையின் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது. பிறகு பிள்ளைகள் வளர்ந்து தனி அறை கேட்டார்கள். "நீயும் உனக்குன்னு ஒரு இடம் பாத்துக்க வேணாமா?" என்று டாக்டரம்மா அவள் நல்லதுக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். தங்கை முகம் கோணவில்லை. "சரிக்கா. செடிய மட்டும் ஜன்னல விட்டு நகத்திடாத" என்று சொல்லிவிட்டு, ஒரே பெட்டியோடு பஸ் ஏறி, வேறு ஊரில் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வாரமே இலைகள் திரும்ப ஆரம்பித்தன.

கிள்ளியும் குறையாத செடி இரண்டே வருடத்தில் கூரையைத் தொட்டு அறையை அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கே வந்தார்கள். கீழே கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் வாயில் பஞ்சோடு மாடியேறி வேடிக்கை பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது, மரியாதைக்கு விழுங்கிக்கொண்டார்கள். ஒருநாள் சாப்பிடும்போது இரட்டையரில் சின்னவன்தான், "சித்திய நாம கறிவேப்பிலை மாதிரி..." என்று ஆரம்பித்தான். அவன் அப்பா இருமினார். டாக்டரம்மா தட்டோடு எழுந்துவிட்டாள். தான் செய்தது துரோகம் என்று அவளுக்குத் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும்.

மறுநாள் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"வர்றேன்க்கா. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

"அப்ப எதுக்குக்கா?"

நாள் முழுக்க ஊரை வாய் திறக்கச் சொல்கிறவளுக்குத் தன் வாய் திறக்கவில்லை.

தங்கை பத்து நாள் துணிமணியும் காய்ச்சல் மாத்திரையுமாக வந்து, பையை வைத்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, தானே சமைத்துப் பரிமாறினாள். உப்பு கூடிப்போயிருந்தது. தங்கை எல்லோரையும்போல ஏழு இலைகளைத் தட்டோரம் ஒதுக்கினாள். டாக்டரம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மென்று விழுங்கினாள்.

"என்னக்கா இது, எச்சி."

"இருக்கட்டும். உனக்கு நான் செஞ்சது தப்பு."

தங்கை எழுந்து போய்ச் செடியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "வெயில்ல வச்சிருக்க, நல்லா வந்திருக்கு" என்றாள். கடையில் ஆள் இல்லையென்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

அந்த ஏழு இலைகளும் திரும்பவில்லை. மற்றவை வழக்கம்போலத் திரும்புகின்றன. அறை நிறைய இலை இருக்கிறது. அக்கா ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.