மார்ச் மாதத்து மேளம்

மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் எனக்கிருக்கும் மரியாதை மாப்பிள்ளைக்கும் கிடையாது. ஏப்ரல் பிறந்துவிட்டால் என்னை வீதியில் கண்டவர்கள் மறுபக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பார்கள். வருமானவரிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிற இந்தக் கனிசியஸின் தலையெழுத்து அப்படி.

சேமிப்புச் சலுகை என்று ஒன்று இருந்தது. வருடத்தில் இன்ன தொகை வரைக்கும் வங்கியில் போட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் போட வேண்டும், ஏப்ரலில் எடுத்தாலும் கேள்வி இல்லை. தவறினால் அந்த வருடத்துச் சலுகை போனது போனதுதான். இதை நான் தைப்பொங்கல் தொடக்கம் தொண்டை வறளச் சொல்லுவேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் ஓடி வருவார்கள்.

அப்படி ஓடி வருகிறவர்களில் முதலாமவர் சீவரத்தினம் அண்ணை. பெரியகடையில் இரும்புக்கடை, அளவெட்டியில் வீடு. காசை ஒருநாள் முந்தி வங்கியில் போட்டால் அந்த ஒருநாளும் அது கடையில் குட்டி போடாமல் போய்விடுமே என்று மனம் வருந்துகிறவர். எண்பத்தைந்தாம் ஆண்டு மார்ச் முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழன் மாலை வந்து, தன்னுடைய சலுகையை நிரப்பியாயிற்று, இன்னும் வரி குறைக்க வழி உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றேன். அவருடைய மனைவி இரத்தினம்மா அக்காவின் பெயரிலும் என்னிடம் ஒரு கோப்பு இருந்தது. சீதனமாக வந்த இரண்டு கடையறைகளின் வாடகைக் கணக்கு அது. வாடகை அண்ணையின் மேசை லாச்சிக்குள் போகும், வரி அக்காவின் பெயரில் வரும். அக்காவின் பெயரில் பத்தாயிரம் போட்டால் அந்த வரியும் குறையும் என்று விளக்கினேன். மனைவியின் பெயரில் பத்தாயிரமா என்று அவருடைய முகம் ஒருமுறை சுருங்கியது. பிறகு தானே தேறிக்கொண்டார்.

"எங்கை போகப்போகுது? என்ரை கையெழுத்து இல்லாமல் அசையாதுதானே. ஏப்ரலிலை எடுத்துப்போட்டால் சரி."

நான் வாய் திறப்பதற்குள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் நினைத்தது காணியை. எங்கள் தேசவழமைச் சட்டத்தில் மனைவி தன்னுடைய சீதனக் காணியை விற்பதற்கும் புருஷன் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போன மாதம்தான் அண்ணை மறுத்திருந்தார். வைகாசியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். மேளம் பிடிக்கும் பேச்சு வந்தபோது, கசெற்றில் போட்டால் காணும், அதில் வாசிக்கிறவர் பெரிய வித்துவான், சாப்பாடும் கேட்கமாட்டார் என்று அண்ணை சொல்லிவிட்டார். நாதஸ்வரமும் தவிலும் விளைகிற அளவெட்டியில் இருந்துகொண்டு கசெற்றுக்குத் தாலி கட்ட நினைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அக்கா தன்னுடைய தோட்டக்காணியில் ஒரு பரப்பு நிலத்தைத் தங்கைக்கு விற்று மேளம் பிடிக்கப் பார்த்தார். உறுதிப்பத்திரம் எழுதி நொத்தாரிசின் மேசைவரை வந்த பிறகு, மேளத்துக்காகக் காணி விற்கிற வீடு உருப்படாது என்று அண்ணை பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணையும் அக்காவும் நான் காத்திருந்த வங்கிக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. இராகுகாலம் தொடங்கியாயிற்று. பன்னிரண்டு மணிவரை எந்தக் கடதாசியிலும் கைவைக்க மாட்டேன் என்று அக்கா சுவரோரத்து நீள வாங்கில் இருந்துவிட்டார். நாளைக்கும் மறுநாளும் வங்கி இல்லை, வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கே எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள் என்று மனேஜருக்கே தெரியாத காலம் அது, காத்திருக்க வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அண்ணையோ மணிக்கூட்டையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். கடையில் கம்பி வாங்க ஒருவர் நிற்கிறார் என்று சொல்லிக் காசை என் கையில் தந்துவிட்டு நடையைக் கட்டினார்.

அந்த ஒன்றரை மணித்தியாலம் நானும் அக்காவும் ஒரே வாங்கில் இருந்தோம். எங்கள் வேதக்காரருக்கு அது தபசுகாலத்து வெள்ளி. நான் ஒருசந்தி பிடித்து ஒருநேரம் மட்டும் சாப்பிடுகிற நாள் என்பதால் வயிறு ஒரு பக்கம் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கதைக்காதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குக் கதைத்தார். நாலு வீடு தள்ளிப் பஞ்சலிங்கம் என்ற நாதஸ்வரக்காரர் இருக்கிறாராம். அக்காவின் கல்யாணத்துக்கு வாசித்தவரும் அவர்தானாம். கசெற்றை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் அது அவருடைய வீட்டுக்குத்தான் முதலில் கேட்கும் என்றார்.

"என்ரை பிள்ளை தொட்டிலிலை கிடந்த நாள் தொட்டு அந்த மனிசன் சாதகம் பண்ணுற சத்தத்திலைதான் கண் முழிக்கிறவள். அவளின்ரை கழுத்திலை தாலி ஏறேக்கை அவர் வீட்டிலை சும்மா இருக்கிறதோ? எனக்கு வெக்கமாக் கிடக்கு, தம்பி."

வரிக்கு வழி சொல்லத் தெரிந்தவனுக்கு வெட்கத்துக்கு வழி தெரியாது. அக்கா என் கையில் இருந்த காசுப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"தம்பி, உதைப் பிறகு எடுக்கிறதெண்டாலும் அவரின்ரை கையெழுத்து வேணுமோ? காணிக்குப் போலை?"

தபசுகாலத்தில் பொய் சொல்லக்கூடாது. மற்றக் காலத்திலும் கூடாதுதான், ஆனால் என் தொழிலுக்கு அவ்வளவு கண்டிப்பு ஆகாது.

"இல்லை அக்கா. புத்தகம் உங்கடை பெயரிலை. உங்கடை கையெழுத்து மட்டும் காணும்."

அக்கா பன்னிரண்டு மணி அடித்ததும் எழும்பிப் போய், கவுண்டரில் பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தன்னுடைய பெயரை எழுதினார். அண்ணை வியர்க்க விறுவிறுக்க வந்து காசு போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று என்றோம். அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் அண்ணைக்குப் பத்தாயிரத்தின் ஞாபகம் வந்தது. கையெழுத்துக் கேட்டால் அக்கா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஒருநாள் அட்டமி, மறுநாள் நவமி, அடுத்த நாள் மரணயோகம். ஒரு கிழமை பொறுத்த அண்ணை, படிவத்தில் தன்னுடைய கையெழுத்தையே பெரிதாகப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போய்விட்டார். கவுண்டரில் இருந்த பெடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னானாம். இந்தக் கையெழுத்துச் செல்லாது. செல்லுபடியானாலும் கணக்கில் கிடப்பது மூவாயிரம்தான்.

அடுத்த நாள் காலை கோட்டுக்குச் சாட்சியைக் கொண்டுவருவதுபோல அக்காவைக் கூட்டிக்கொண்டு, நான் கணக்கு எழுதுகிற கந்தோருக்கு வந்தார். ஏழாயிரம் எங்கே என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது, மெய்யாகவே தெரியாது. அக்கா கைப்பையில் இருந்து வங்கிப் புத்தகத்தையும் இரண்டு பற்றுச்சீட்டுத் துண்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தார். துண்டுகளில் பஞ்சலிங்கத்தின் கோஷ்டிக்கு ஒன்று, அவர் கொண்டுவருகிற இரண்டாவது கோஷ்டிக்கு ஒன்று. இரண்டிலும் முழுக்காசும் கொடுத்து முடிந்திருந்தது. புத்தகத்தின்படி காசு எடுத்தது ஏப்ரல் முதலாந் திகதி. சலுகைக்கு ஒரு பங்கமும் இல்லை. சுவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முதலாந் திகதி, நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாத சுத்தமான கரிநாள்.

"என்னைக் கேளாமல் எப்பிடி எடுத்தனீர்?" என்றார் அண்ணை. கோபத்தைவிடத் திகைப்புத்தான் அதில் கூட இருந்தது.

"நீங்கள் சொல்லுறது சரிதான். கையெழுத்து இல்லாமல் ஒண்டும் அசையாது," என்றார் அக்கா. "வைச்சனான்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தட்டெழுத்து யந்திரத்துக்குப் புது ரிபன் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

வைகாசியில் கல்யாணத்துக்குப் போனேன். பந்தலுக்கு முன்னால் இரண்டு கோஷ்டி, நாலு தவில். தாலி ஏறும்போது கெட்டிமேளம் முழங்கியதில் என் நெஞ்சு அதிர்ந்தது. பஞ்சலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்று வெளிப்படையாக அழுதார். சீவரத்தினத்தார் மேளம் வைத்தால் இப்படித்தான் என்று ஊரார் அண்ணையின் தோளில் தட்டினார்கள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து அவரைத் தேடினேன். மேளக்காரருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். மடியில், மேளத்துக்குப் பதிலாகக் கசெற் போட வைத்திருந்த றெக்கோடர். பஞ்சலிங்கத்தின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட்டாலும் பதிந்துவிடும் என்று வாயைப் பொத்தியிருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னைக் கண்டதும் பேசாதே என்று கையைக் காட்டினார். உருப்படி முடியும்வரை நின்றேன். அவர் பொத்தானை அமத்திவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல என் காதுக்குள் சொன்னார்.

"கனிசியஸ், இளையவளுக்கும் வயது வருகுது. வாற மார்ச்சிலையும் மனிசியின்ரை பெயரிலை போடுவம். கடைசி நாள்வரைக்கும் பாக்கவேண்டாம்."