நாலு இன்ச்

டேனியல் தன் பிக்கப் வண்டியை உயர்த்தப்போகிறான் என்று கேட்டதும் ஐசக்குக்கு முதலில் நினைவுக்கு வந்தது சத்தியவதியின் முழங்கால்தான்.

சத்தியவதி அவன் மனைவி. போன வருடம் பள்ளிக்கூடத்தில், பாடம் நடத்தி முடித்து இறங்கி வரும்போது படியில் விழுந்தாள். அன்றிலிருந்து வலது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. மழை தொடங்கியதும் ஐசக்கின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நனைய முடியாமல், பாடகர் குழு ஒத்திகைக்கு டேனியலின் வண்டியில் போக ஆரம்பித்தாள். டேனியல் வீடும் தாபோடியில்தான், இரண்டு தெரு தள்ளி. கட்கியில் இருக்கும் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவனும் அவனே. யாரும் குறை சொல்ல இடமில்லாத ஏற்பாடு. அதுதான் ஐசக்கை அரித்தது. சண்டை போட ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை மாலைகளில் ஜன்னலருகே உட்கார்ந்து வண்டிக் கதவு சாத்தும் ஓசைக்குக் காத்திருப்பான். அவள் சிரித்துக்கொண்டே படியேறி வருவது கேட்கும். கதவைத் திறந்து அவனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வாசலோடு நின்றுவிடும். "சாப்டீங்களா?" என்பாள். அவ்வளவுதான்.

பான்ஷேத் அணைப் பக்கம் நடக்கும் முகாம்களுக்குக் கூடாரமும் சாமானும் கொண்டுபோவது டேனியலின் தொழில். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஆனாலும் கடக்வாஸ்லா தாண்டி மலைப்பாதையில் அதன் அடிப்பாகம் கல்லில் இடித்தது. ஐசக் ராணுவ வண்டிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று டேனியல் அவனையும் மெக்கானிக்கிடம் கூட்டிப்போனான்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே இந்தியில் சொன்னார். "இருக்கிற கமானி ஸ்பிரிங்குக்கு இரும்புக் கட்டை கொடுத்துத் தூக்கினா ரெண்டு இன்ச் ஏறும். பத்தாயிரத்துல முடியும். நாலு இன்ச் வேணும்னா கமானி, ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் புதுசு. டயரும் பெரிசு. எழுபதாயிரம் ஆகும். வளைவுல கொஞ்சம் ஆடும், டீசலும் குடிக்கும்."

"ரெண்டு போதும்ல அண்ணே?" என்றான் டேனியல்.

போதும். அந்தப் பாதைக்கு இரண்டே தாராளம் என்று ஐசக்குக்கு நன்றாகத் தெரியும். அவன் இடது பக்கக் கதவைத் திறந்து, கால் வைத்து ஏறும் விளிம்பைப் பார்த்தான். இப்போதே அது முழங்கால் உயரத்துக்கு இருந்தது. நாலு இன்ச், பெரிய டயரில் இன்னும் ஒன்று. விரலை விரித்து விளிம்புக்கு மேலே அளந்து பார்த்தான். அவன் ஏதோ கணக்குப் போடுகிறான் என்று எண்ணி டேனியலும் மரியாதையாகக் காத்திருந்தான்.

"செய்யிறத ஒழுங்கா செய்யிலே. நாலு போடு."

"அரே அண்ணே, எழுபது ஹஸார்! வீட்ல என்னைய வித்துருவாங்க."

"கல்லுல இடிச்சு ஆயில் சேம்பர் உடைஞ்சா யார விப்ப?"

டேனியல் தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். "நீங்க சொன்னா சரிதான்."

அடுத்த சனிக்கிழமை தூறலில் வண்டி வந்து நின்றபோது ஐசக்கும் மனைவியோடு கீழே இறங்கி வந்தான். ஸ்கூட்டரைத் துடைத்து வைத்திருந்தான். அவளுக்கென்று புது மழைக்கோட்டுகூட வாங்கியிருந்தான்.

சத்தியவதி அண்ணாந்து பார்த்தாள். "ஆத்தாடி! ஏணி எங்கப்பா?"

"ஸாரி மைனி. நான் ரெண்டு இன்ச்தான் நினைச்சேன். அண்ணன்தான் நாலு போடச் சொன்னாங்க. படி வைக்கணும், இப்ப கையில பைசா இல்ல."

அவள் திரும்பினாள். "நீங்களா சொன்னீங்க?"

"பாதை மோசம்லா" என்றான் ஐசக்.

அவள் துடைத்த ஸ்கூட்டரைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த மழைக்கோட்டைப் பார்த்தாள். தன் முழங்காலை ஒரு கணம் பார்த்தாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் முகத்தில் கோபமே இல்லை. திருத்தித் திருத்தி அலுத்துப்போன விடைத்தாளைப் பார்க்கிற முகம்தான் இருந்தது.

"ஸ்கூட்டர்ல போயிரலாம் சத்தியா. நனையமாட்ட."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "ஈரத்துல வழுக்கும். இதப் பிடிங்க."

அவன் வாங்கிக்கொண்டான்.

"டேனி, கை குடு."

இத்தனை நாளும் அவள் தானாகத்தான் ஏறி உட்கார்ந்தாள். யார் கையும் வேண்டியிருக்கவில்லை. இப்போது டேனியல் ஒரு கையால் அவள் கையைப் பற்றி, மறு கையால் முழங்கையைத் தாங்கித் தூக்கினான். பாதியில் அவள் தடுமாறி, "விட்டுராதப்பா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். படிக்கட்டில் கேட்கும் அதே சிரிப்பு. இம்முறை அது ஐசக்கைக் கண்டு நிற்கவில்லை.

செருப்பைக் கேட்காமலே கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி தெருமுனையில் லேசாக ஆடித் திரும்பி மறைந்தது.

ஐசக் செருப்போடு மழையில் நின்றான். கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் இறங்குவதையும் பார்க்க வேண்டிவரும். கொடுக்காவிட்டால் சபையின் சேற்று வாசலில் அவள் வெறுங்காலோடு இறங்குவாள், அதற்கும் அந்தக் கைதான். செருப்பை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுக் கிக்கரை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.