முழங்கால் மடங்காத வருஷம்

1953ஆம் வருஷம் செப்டம்பர் எட்டாம் தேதி, சாயங்காலம் நாலேகால் மணிக்கு, ரோக்காவேந்தா ஊரில் எழுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய முழங்கால்கள் மடங்குவதை நிறுத்திக்கொண்டன. வலி இல்லை, வீக்கம் இல்லை, மடங்கவில்லை, அவ்வளவுதான். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாதாவின் பிறந்தநாள் திருவிழா. காலையில் ஊர் முழுக்க ஆட்டுக்கறி விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

காரணம் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் தெருவில்தான் இருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் ஊரில் டான் இலாரியோ என்று ஒருவர் இருந்தார். உத்தியோகம் எதுவும் கிடையாது. ஆனால் மலைத் தண்ணீர் யார் தோட்டத்துக்குப் பாய வேண்டும், யார் பெண்ணை யார் கட்ட வேண்டும், யார் வைக்கோல் போர் தானாகத் தீப்பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வீட்டு மாடியில்தான் முடிவாகும். திருவிழாவன்று மாதாவின் சப்பரம் கோயிலிலிருந்து இறங்கி வரும்போது அவருடைய பால்கனிக்குக் கீழே நிற்கும். முன்தண்டு தூக்குகிறவர்கள் முழங்காலை மடக்குவார்கள். மாதாவின் வெள்ளிக் கிரீடம் முன்னால் சாயும். டான் இலாரியோ மேலேயிருந்து தலையை ஆட்டுவார், போகலாம் என்று அர்த்தம். வானத்தையும் பூமியையும் படைத்தவனுடைய தாயார் ஒரு தண்ணீர்த் திருடனுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கடைத்தெருவுக்குள் நுழைய முடியும். பங்குச் சாமியார் ஜெலாசியோ அந்த நேரம் பார்த்துச் செபப் புத்தகத்தில் பக்கம் தேடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை.

குனியச் சொல்லி மணியடிப்பது லாடம் கட்டும் நிக்கோதேமோவின் வேலை. முன்தண்டின் வலது முனை அவனுடையது. அதில் ஒரு சின்ன மணி தொங்கும். ஓர் அடி என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் குனிய வேண்டும், மூன்று என்றால் நடக்க வேண்டும். நல்லவன், பயந்த சுபாவம். அவனுக்கு முன்னால் மணியடித்தவர் ஒரு வருஷம் இரண்டை விழுங்கிவிட்டு மூன்றை அடித்தார். மறுநாள் காலை அவருடைய கோவேறு கழுதை பின்னங்கால் நரம்பு அறுபட்டு லாயத்தில் கிடந்தது. லாடம் கட்டுகிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நிக்கோதேமோவிடமும் ஒரு கோவேறு கழுதை இருந்தது. சீமாட்டி என்று பெயர். அதன்மேல் அவனுக்கிருந்த பிரியத்தைப் பார்த்து அவன் மனைவி கத்தேனா இரண்டு தடவை கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆகையால் அவன் ஒழுங்காக இரண்டு அடிப்பான். 1953இல், ஒரு வணக்கம் போதாது, மூன்று வேண்டும் என்று டான் இலாரியோ சொல்லியனுப்பினார். மூன்று தடவை குனிந்தார்கள். தெருவில் நின்ற சனமும் கூடவே குனிந்தது. மூன்றாவது தடவை நிமிர்ந்தபோது எல்லோருடைய முழங்காலும் பூட்டிக்கொண்டது.

ஊர் வட்டம் போடுகிற கவராயம்போல நடக்க ஆரம்பித்தது. நாற்காலிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. குடும்பம் குடும்பமாகச் சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டார்கள். தச்சன் எல்லா மேசைகளுக்கும் கால் நீட்டிக் கொடுத்தான். படுக்க வேண்டுமானால் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று பலகைபோல விழ வேண்டும். காலையில் ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வந்து கயிறு கட்டி இழுத்து நிறுத்த வேண்டும், அதற்கு அவர்கள் அத்திப்பழம் கேட்டார்கள். கோயிலுக்கு நாற்பத்தோரு படி. ஏறும்போது நண்டுபோலப் பக்கவாட்டில் ஏறினார்கள். இறங்கும்போது இளவட்டங்கள் உருண்டார்கள், வயதானவர்களுக்கு ஒலிவ எண்ணெய் தடவிய சறுக்குப் பலகை ஒன்று போடப்பட்டது. பூசையில் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியாமல் சனம் மொத்தமும் முகங்குப்புற விழுந்து கிடந்தது. அதைப் பார்த்த வெளியூர்ச் சாமியார் ஒருவர், இப்படி ஒரு பக்தியை எங்கும் கண்டதில்லை என்று மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதினார். அந்த வருஷம் ஞானஸ்நானங்கள் குறையவில்லை என்கிறது பங்குப் பதிவேடு. மனிதர்கள் கெட்டிக்காரர்கள்.

அக்டோபரில் நகரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சின்னச் சுத்தியலால் நூற்றெண்பது முழங்கால்களைத் தட்டிப் பார்த்து, தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று எழுதிக்கொண்டார். போகும் முன் மரியாதைக்காக டான் இலாரியோ வீட்டில் காப்பி குடிக்கப் போனார். பேச்சுவாக்கில் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும், தண்ணீர் அருமையான தண்ணீர் என்று சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்தவர் எழுந்தவர்தான். அவரை ஏணிபோல பஸ் கூரையில் படுக்கவைத்துக் கட்டி அனுப்பினோம். விஷயம் தண்ணீரில் இல்லை, பயத்தில் இருக்கிறது என்பது அதோடு ஊருக்கு உறுதியாயிற்று.

எல்லோரையும்விட நிக்கோதேமோதான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டான். லாடம் கட்ட, குளம்பை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்க வேண்டும். அது முடியாமல் கழுதைகளைக் கல்மேடையில் ஏற்றி, கீழே நின்றுகொண்டு ஆணி அடித்தான். போகிற வருகிறவன் எல்லாம் அவனைச் சீண்டினான். பின்தண்டு தூக்கும் மீக்கோவுக்கு வாய் நீளம். “டேய் நிக்கோதேமோ, மூணு தடவை குனிய வெச்சியே, நாலாவதா ஒரு தடவை எல்லாரையும் உட்கார வெச்சிருந்தா, இப்ப உட்கார்ந்த வாக்குலயாவது இருந்திருப்போமேடா!”

மாற்றம் மார்ச் மாதம் வந்தது. தையற்காரர் மகளுக்குப் பிறந்த செராஃபினா என்ற பெண்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு கத்தேனா ஞானத்தாயாக நின்றாள். சடங்கு முடிந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் நல்ல மழை. படியெல்லாம் தண்ணீரும் எண்ணெயும். பிள்ளை கையில் துள்ளுகிறது. ஐயோ, இதைக் கீழே போட்டுவிடுவேனோ என்று கத்தேனாவுக்கு உச்சி முதல் பாதம் வரை ஒரு நடுக்கம் ஓடியது. ஓடிய நடுக்கம் தொட்டதும் முழங்கால் மடங்கியது. நாற்பத்தோரு படியையும் பூனைபோல இறங்கி, கடைசிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. “யோவ், யாராவது வந்து பாருங்கய்யா, நான் உட்கார்ந்திருக்கேன்!” என்று போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. எழுந்து பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்தாள்; முழங்கால் திரும்பவும் பூட்டிக்கொண்டது.

மேல்படியில் நின்ற சாமியார் ஜெலாசியோ, “அடியே கத்தேனா, ஏழாவது வரம்டி இது!” என்று கத்தினார். பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களை முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஏழாவதான தெய்வபயத்துக்கு வந்ததும் விளக்கம் சொல்லத் தெரியாமல் பிரம்பைக் காட்டிவிட்டு மணியடித்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எங்கள் ஊரிலேயே மிகச் சின்னது. “ரெண்டு பயம் இருக்கு. ஒருத்தன் நம்மளை அடிச்சிருவானோங்கிற பயம் ஒண்ணு. கையில இருக்கிற உசிரான ஒண்ணை நாம போட்டு உடைச்சிருவோமோங்கிற பயம் இன்னொண்ணு. இருபத்திரெண்டு வருஷமா நான் புஸ்தகத்துல பக்கம் தேடினேனே, அது மொத வகை.” சொல்லி முடித்ததும் அவருடைய இடது முழங்கால் மடங்கியது. வலது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

அதற்குப்பிறகு செராஃபினா தரையில் கிடந்ததே இல்லை. படி ஏற வேண்டும், சவரத்துக்கு உட்கார வேண்டும், குழாயடியில் குனிய வேண்டும் என்று ஆளாளுக்கு அவளை இரவல் வாங்கினார்கள். முட்டைக்கூடையைத் தூக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. முட்டை உடைந்தால் நமக்குத்தான் நஷ்டம், அந்தப் பயம் வேறு. தையற்காரர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. போலீஸ் சார்ஜன்ட்கூட சீருடையோடு வந்து பிள்ளையை வாங்கி ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். நாலு மாதத்தில் குழந்தை எல்லோர் கையாலும் பால் குடித்து பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

இப்படியே திருவிழா வந்தது. இந்தத் தடவை ஐந்து வணக்கம் என்று மாடியிலிருந்து தகவல் வந்தது. அன்று காலை கத்தேனா கேட்டாள்: “இன்னிக்கு ரெண்டு அடிக்கப் போறியாய்யா?”

“அடிக்கலைன்னா சீமாட்டிக்கு கால் போயிரும்.”

“அடிச்சா?”

நிக்கோதேமோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். “அவருக்குப் பயந்து அடிச்சா, மடங்காத காலோட எல்லாரும் குனியப் பார்ப்போம். மாதா தெருவுல விழுந்து தூள்தூளாப் போயிருவா.”

“பயப்படாதேன்னு நான் சொல்ல மாட்டேன். நீ பயப்படாம இருந்தா அது நீயே இல்லை. நல்லாப் பயப்படு. எதுக்குன்னு மட்டும் பார்த்துப் பயப்படு,” என்று சொல்லிவிட்டு அவள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

இருபத்து நாலு பேர் விறைத்த காலோடு தண்டுகளுக்குத் தோள் கொடுத்தார்கள். மாதாவின் பாரம் தோளில் இறங்கியதும், இவள் விழுந்துவிடக்கூடாதே என்ற நடுக்கமும் இறங்கியது. முழங்கால்கள் எண்ணெய் போட்ட கதவுபோல மடங்கின. ஒரு வருஷம் மடங்காத கால் மடங்கினால் மனிதனுக்குத் தலைகால் புரியாது. நாற்பத்தோரு படியையும் ஆடிக்கொண்டே இறங்கினார்கள். மீக்கோ தேவையே இல்லாமல் இரண்டு படி ஏறித் திரும்பவும் இறங்கினான். பேண்டுக்காரர்கள் துக்கப் பாட்டை நிறுத்திவிட்டு, கல்யாணப் பாட்டுக்கு மாறினார்கள்.

பால்கனிக்குக் கீழே வந்ததும் நிக்கோதேமோ ஓர் அடி அடித்தான். சப்பரம் நின்றது. மேலே டான் இலாரியோ கறுப்புத் தொப்பியோடு நின்றார். வாசலில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் ஐந்து விரலைக் காட்டினான். நிக்கோதேமோவுக்குக் குதிகாலிலிருந்து பழைய பயம் ஏறியது. வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. அவனைப் பார்த்துப் பக்கத்து ஆளுக்குப் பூட்டியது, அவனைப் பார்த்துப் பின்னால் இருந்தவனுக்கு. சப்பரம் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் காதுவரை இறங்கியது. சனம் ‘ஓ’வென்று கத்தியது. விழப்போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது நிக்கோதேமோ வாயைத் திறந்தான்.

“டான் இலாரியோ, எனக்கு உங்களைக் கண்டா பயம்தான். இல்லேன்னா பொய். ஆனா இவளைக் கீழே போட்டுருவேனோன்னு ஒரு பயம் வருது பாருங்க, அது ரொம்பப் பெரிசா இருக்குங்க. ஒரே ஆளு எத்தனை பயத்தைத்தான் தூக்குறது? உங்களதை இங்கேயே இறக்கி வெச்சிட்டுப் போறேன். மன்னிச்சுக்கங்க.”

சொல்லிவிட்டு மூன்று அடி அடித்தான்.

அவனுடைய முழங்கால் மடங்கியது, பக்கத்து ஆளுக்கு மடங்கியது, சப்பரம் நிமிர்ந்தது. அங்கிருந்து அது தெருவுக்குப் பரவியது. வாணலியில் பொரி வெடிக்கிற மாதிரி எழுநூறு ஜோடி முழங்கால்கள் படபடவென்று விடுபட்டன. சனம் என்ன செய்யும்? உட்கார்ந்தது. கல்லில், சாக்கடை ஓரத்தில், தர்ப்பூசணி வண்டியில், ஒருவர் மடியில் ஒருவர், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தது. எழுந்து, சந்தேகம் தீராமல் திரும்ப உட்கார்ந்தது. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. டான் இலாரியோ பார்க்கும்போது எங்கள் ஊரில் அதற்குமுன் யாரும் உட்கார்ந்ததில்லை. அவமரியாதை செய்ய வேண்டும் என்று யாருக்கும் நினைப்பில்லை. ஒரு வருஷம் நின்றவர்கள், அவ்வளவுதான்.

பழிவாங்கல் நடக்காமல் இல்லை. அடுத்த வாரம் அந்த இரண்டு ஆட்களும் நிக்கோதேமோவின் லாயத்துக்குப் போனார்கள். ஆனால் கழுதையின் பின்னங்கால் நரம்பை அறுக்கக் குனிய வேண்டும், அவர்களுடைய முழங்கால்கள் மட்டும் விடுபடவே இல்லை. சீமாட்டி அவர்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டது. கடைசியில் நின்றபடியே எட்டுகிற உயரத்தில் பதினெட்டுத் திராட்சைக் கொடிகளை வெட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். அவை அவனுடைய அப்பா நட்ட கொடிகள். நிக்கோதேமோ அன்று முழுவதும் தோட்டத்தில் உட்கார்ந்து அழுதான். உட்கார முடிந்ததே என்று கத்தேனா சொன்னதற்கு அவளை முறைத்தான்.

டான் இலாரியோ பால்கனியில் நிற்பதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்குப் பூட்டுவதற்குப் பதினோரு வருஷம் முன்பே அவருக்குப் பூட்டிவிட்டது என்பது அவர் வீட்டுச் சமையல்காரி சந்தையில் சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கு அண்ணன் மகனைக் கண்டு பயம், காப்பியில் என்ன கலந்திருக்குமோ என்று பயம், தபால்காரனைக் கண்டு பயம். எல்லோரையும்விட, வாசலில் நிற்கும் அந்த இரண்டு பேரைக் கண்டு பயம். நிக்கோதேமோ தினமும் அந்த வழியாகத்தான் சீமாட்டியை ஓட்டிக்கொண்டு போவான். பால்கனிக்குக் கீழே பத்தடி தூரத்துக்கு அவனுடைய வலது கால் இன்னும் கொஞ்சம் விறைக்கும், தாண்டியதும் சரியாகிவிடும். 1961 ஆகஸ்டில் ஒரு நாள் மேலேயிருந்து குரல் வந்தது.

“நிக்கோதேமோ.”

“ஐயா.”

“உட்கார்றது எப்படிடா இருக்கும்? எனக்கு மறந்துபோச்சு.”

நிக்கோதேமோ கழுதையை நிறுத்தினான். “நல்லா இருக்குங்க,” என்றான். பிறகு, “பின்தண்டுல ஒரு ஆளு குறையுதுங்க. வர்றதுன்னா வாங்க. ஆனா அவளைக் கீழே போட்டீங்கன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்,” என்றான். யாரிடம் என்ன சொன்னோம் என்பது அவனுக்குக் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

மாடிப்படி இறங்கவே அவருக்குத் திருவிழாக் காலை முழுவதும் ஆயிற்று. பின்தண்டின் கடைசி முனையைக் கொடுத்தார்கள். மோசமாகத் தூக்கினார். “விழுந்துருமா? விழுந்துருமா?” என்று வழியெல்லாம் மீக்கோவைக் கேட்டுக்கொண்டே வந்தார். “பேச்சைக் குறைச்சுத் தூக்குங்க பெரியவரே,” என்றான் மீக்கோ. திருந்திவிட்டாரா என்று என்னைக் கேட்டால் தெரியாது. பதினெட்டுக் கொடிகளைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. கடைத்தெருவில் சப்பரத்தை முக்காலிகளில் இறக்கினார்கள். சனம் திட்டில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. டான் இலாரியோ ஒரு கையால் தண்டைப் பிடித்தபடியே, இன்னொரு கையால் திட்டின் கல்லைத் தடவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. கத்தேனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.