இன்னும் அரைத் திருகு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தத்திலிருந்து கிடைத்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், கோவில்பட்டியில் ஒரு மரக்கடையில் கதவுக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே ஒருவர் ஜிக்சா மெஷினில் புதுப் பிளேடு மாட்டி, அதை நகத்தால் சுண்டினார். ‘டிங்’. தலையாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான். அந்த மனிதருக்குக் காது நன்றாகவே கேட்டது. கதைக்காக அதைப் பிடுங்கியவன் நான்.

(மெஷினைப் பார்க்காதவர்களுக்கு: ஒரு மேசை, நடுவில் துளை, துளை வழியாக மேலும் கீழும் ஓடும் நூல்போன்ற பிளேடு. பலகையை அதற்குக் காட்டித் திருப்பத் திருப்ப மயில், கொடி, ஓம் எல்லாம் வெட்டலாம். பிளேடு தொய்வாக இருந்தால் கோடு விலகும். விறைப்பு கூடினால் ஒடியும். திருகை முறுக்கினால் விறைப்பு ஏறும்; சரியான விறைப்புக்கு அளவுகோல் கிடையாது. சுண்டினால் வரும் சத்தம்தான்.)

2

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: “கரிசல் காட்டில் வெயில் தாழும் நேரத்தில், கடற்கரை தன் மெஷினை அன்போடு” — வேண்டாம். கடற்கரை (ஆளின் பெயர்தான்) மெஷின்மேல் அன்பு வைக்கிற ஆள் இல்லை. தவிர, மெஷின் அவனுடையதும் இல்லை; மரக்கடை முதலாளி தங்கச்சாமி அண்ணாச்சியுடையது.

இரண்டாவது பிரதி: பிளேடு மறுபடியும் ஒடிந்தது.

இது பரவாயில்லை.

காலையிலிருந்து கடற்கரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பல் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தான், மேசை சாயவில்லை. மெஷின் ஆடுகிறதோ என்று அடிப்போல்ட்டை இறுக்கினான். பிளேடைக் கவ்வும் பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமோ என்று உப்புத்தாளால் தேய்த்தான். கரண்ட் குறைச்சலோ என்று பல்பை அண்ணாந்து பார்த்தான். புதுப் பிளேடை மாட்டி, சுண்டி, தலையைச் சாய்த்து நின்றான். இன்னும் அரைத் திருகு. சுண்டினான். இன்னும் அரைத் திருகு. சுவிட்சைப் போட்டதும் மயிலின் கழுத்தில் போய் டப்பென்று ஒடிந்தது.

“எல்லாம் டூப்ளிகேட்டு பிளேடா வருது” என்றான்.

அவன் மனைவி வேலுத்தாய் வெட்டிய துண்டுகளுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. முதல் தடவை சுண்டியபோதே சரியாக இருந்தது. அடுத்தது கீச்சென்று ஏறியது. அதற்கடுத்தது கொசு காதருகே வந்த மாதிரி.

3

இங்கே பழைய கதை சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

வேலுத்தாய் பட்டாசு ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) வேலை பார்த்தாள். பங்குனி மாதத்தில் ஒருநாள் மதியம் கடற்கரை அவளுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனான். அவள் கை கழுவக் குழாயடிக்கு வந்திருந்தாள். அவன் வெடிமருந்து அறையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தான். அறை வெடித்தது. வேலுத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மாடத்தி உள்ளே இருந்தாள். [மாடத்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, எடுத்துவிட்டேன். அவளை எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது.] கடற்கரைக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று ஊரே வாயைப் பிளந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னான்: “இனி அந்த வாசல மிதிக்கக் கூடாதுட்டி. நான் சம்பாரிச்சுப் போடுதேன்.”

“சரிங்க” என்றாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எல்லோருடைய உதட்டையும் பார்க்கிறான். கனத்த குரல் கொஞ்சம் கேட்கும். மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. அவனுக்கும் இது தெரியும்.*

* தெரிந்துமா மெஷினைப் பிரித்து மேய்கிறான் என்று நண்பர் ஒருவர் கேட்டார். மெஷினில் கோளாறு கிடைத்துவிட்டால் காதில் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? அதனால்தான் அத்தனை சிரத்தையாகத் தேடுகிறான், பாவி.

4

அண்ணாச்சி வந்தார்.

“ஏலே கடற்கர, கழுகுமலை பார்ட்டி நாளைக்கே பூஜை ரூம் கதவு கேக்குதாவ. இன்னைக்கும் பிளேடு ஒடிஞ்சுதுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன். ஒம் பொண்டாட்டி பழையபடி பட்டாசு ஆபீசுக்குப் போனாத்தான் என்ன? எல்லாரும் போகத்தான செய்யுதாவ.”

“இன்னைக்கு முடிச்சிருதேன் அண்ணாச்சி.” கடற்கரை கடைசிப் பிளேடை மாட்டி விறைப்பேற்றிவிட்டு, முகம் கழுவப் போனான்.

அண்ணாச்சி பேப்பரை விரித்தார். வேலுத்தாய் எழுந்து மெஷினிடம் போனாள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திச் சுண்டினாள். ‘டிங்’. அவ்வளவு சுத்தமாக வந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது.

இங்கேயே முடிக்க ஆசைப்பட்டேன். “மயில் பிசிறில்லாமல் வெட்டுப்பட்டு வந்தது. வேலுத்தாய் யாரிடமும்” — முடியவில்லை. அவன் பழக்கம் எனக்குத் தெரியும். சுண்டாமல் சுவிட்சைத் தொடமாட்டான்.

5

வந்துவிட்டான். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அண்ணாச்சியும் பேப்பரை மடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

சுண்டினான். தலையைச் சாய்த்தான். கை திருகுக்குப் போகிறது.

வேலுத்தாய் அந்தக் கையைப் பிடிக்கலாம். “போதும்ங்க, சரியா இருக்கு.” அந்த நிமிஷமே அண்ணாச்சிக்கு எல்லாம் புரிந்துவிடும், காது கேட்காத ஆளை மெஷினில் வைத்திருக்க அவர் தர்மசத்திரமா நடத்துகிறார்? கடற்கரை அவளை ஏறிட்டுப் பார்ப்பான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அல்லது அவள் பேசாமல் நிற்கலாம். பிளேடு ஒடியும். திங்கட்கிழமை காலையில் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறுவாள். மாடத்தி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள்.

(பிளேடின் அதிர்வை விரல் நுனியில் உணர்ந்து, அவனே கையை எடுத்துக்கொள்கிற முடிவும் உண்டு. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அதற்கு அவன் முதலில் காது போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது.)

நேற்றும் அவள் இதே இடத்தில், அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். “நான் ஆபீசுக்கே போயிருதேங்க” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவன் பலகையில் மயிலைக் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது அரைத் திருகு ஏறிவிட்டது. சுண்டுகிறான். கீச்சென்று உங்களுக்கும் கேட்கிறது. இன்னும் அரைத் திருகு அந்தப் பிளேடு தாங்காது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நிறுத்தச் சொல்லிக் கத்தத் தோன்றினால் கத்துங்கள். நான் ஒவ்வொரு பிரதியிலும் கத்திப் பார்த்தேன். அவன் ஒருதடவைகூடத் திரும்பவில்லை.